வூடு போடுற சத்தம்

ராயபுரம்
12-5-2002

அன்பு மகள் செங்கொடிக்கு நைனா பொன்னுரங்கம் எழுதிக்கினது. இங்க நானும் அம்மாவும் சொகம். ஓசூர்ல உன் ஒடம்பு எப்டி கீது, வேளைக்கு சாப்டுறியா, எழுது.

போன வாரம் பூத்துக்கு நீ போன் பண்ணப்ப நான் பாதில வச்சிட்டேன்னு கோச்சுக்காத. லைனு ஒரே கொர்ர்ருன்னு கீது. நீ பேசுறது ஒண்ணும் புரில. இனிமே லெட்டராவே போடு, அதான் நமக்கு சரி.

விஷயம் இன்னான்னா, நம்ம வூடு சத்தம் போடுது. சிரிக்காத. முப்பத்தோரு வருசம் திருவொத்தியூர்ல ஃபோர்ஜிங் ஷாப்புல சுத்தியல் மெஷின் பக்கத்துல நின்னவன் நான். வீ.ஆர்.எஸ். வாங்கிக்கினு வந்தப்பறம்தான் பகல்ல வூட்ல குந்துறேன். முன்ரூம்ல ஈசி சேர்ல சாஞ்சிக்கினு கீறப்ப மேல உத்தரத்துகிட்டருந்து யாரோ முனகுறாப்ல வருது. கொஞ்ச நேரம் இழுக்குது, அப்பால நின்னுபூடுது. உங்கம்மாவ கூப்ட்டு "கேக்குதா பாரு"ன்னேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல, உனக்கு வேலவெட்டி இல்ல"ன்னுட்டு பூட்டா. மாடில குடியிருக்குற தாஹிராவ கேட்டேன். "எந்நேரமும் தையல் மெஷின் ஓட்டுறேன், எனக்கு இன்னா அண்ணே தெரியும்"னுது.

எங்கப்பா காலத்துக்கு முன்னாடியே கட்ன வூடு. நீ கட்டடத்துக்குப் படிச்சவ. பழைய வூடு ஏன் சத்தம் போடுதுன்னு எனக்கு புரியறாப்ல ரெண்டு வரி எழுது.

உன் பதிலுக்கு வாசலப் பாத்துக்கினு கீற
நைனா


ஓசூர்
20-5-2002

நைனாவுக்கு செங்கொடி எழுதுறது. நான் நல்லா இருக்கேன். மெஸ் சாப்பாடுதான் சகிக்கல. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?

உன் லெட்டரைப் படிச்சிட்டு சிரிச்சேன், உண்மையச் சொல்லிட்டேன். ஆனா நல்ல கேள்வி. காலேஜ்ல யாரும் இதைக் கேக்கல.

மரம் வெட்டி நூறு வருசம் ஆனாலும் அடங்காது நைனா. காய்ஞ்சா சுருங்கும், ஈரக்காத்து பட்டா உப்பும். நம்ம முன்ரூம் மேல என்ன இருக்கு? தேக்கு உத்தரம், அதுக்குக் குறுக்கா கட்டைங்க, அதுக்கு மேல செங்கல்லும் சுண்ணாம்பும். வெயில்ல இதெல்லாம் ஒரே மாதிரி சூடாகாது. ஒண்ணு நகரப் பாக்கும், பக்கத்துல இருக்கிறது விடாது. அந்த உரசல்தான் உனக்கு முனகலா கேக்குது. ரொம்ப நேரம் இறுகி இருந்து சட்டுனு விடுபட்டா 'டக்'குனு ஒரு சத்தம் வரும். சாயங்காலம் கடல்காத்து வந்து வீடு ஆறும்போது இன்னும் ஜாஸ்தியா கேக்கும்.

இப்ப கத்திரி வெயில். அதனாலதான். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. ஒரு வேலை செய். சத்தம் வர்ற நேரத்தை எல்லாம் ஒரு தாள்ல குறிச்சு அனுப்பு. அம்மாவையும் தனியா குறிக்கச் சொல்லு. பாத்துச் சொல்றேன்.

இங்க ஒரு கம்பெனிக்கு மூணு மாடி கட்டுறோம். வெயில்ல நின்னு நின்னு கறுத்துட்டேன். அம்மா பாத்தா திட்டும்.

அன்புடன் உன்
செங்கொடி


ராயபுரம்
2-6-2002

மகள் செங்கொடிக்கு நைனா. நாங்க ரெண்டு பேரும் சொகம். உங்கம்மா முட்டிக்கு தைலம் தேச்சிக்கினு கீறா.

நீ சொன்னாப்லயே ஒரு வாரம் குறிச்சேன். தாள் உள்ள வச்சிக்கீறேன். சாயங்காலம்னு சொன்ன. எனக்கு காலைல பத்து மணிக்கும் வருது, மத்தியானம் சாப்ட்டு குந்துனதும் வருது. ஒரு நாள் நல்லா மேகம் போட்டு வெயிலே இல்ல. அன்னிக்குத்தான் ரொம்ப முனகுச்சு. உன் கணக்குக்கு ஒத்து வரலியே. அதோட, முனகல்தான் எனக்கு கேக்குது. நீ எழுதுன அந்த 'டக்கு' ஒரு தடவ கூட வரல.

ஒரு குழப்பம். பின்னாடி தண்ணித் தொட்டிகிட்ட போனாலும் கொஞ்சம் கேக்குறாப்ல கீது. அங்க மரமே இல்ல. வூட்டு சத்தம் அவ்ளோ தூரம் வருமா?

நைனா

கண்ணு, அம்மா எழுதுறேன். நானும் குறிச்சேன். எனக்கு முனகல் கின்கல் ஒண்ணும் கேக்கல. ஆனா டக்கு டக்குன்னு ரெண்டு தடவ கேட்டுது. செவ்வாய்க்கெழம ஒண்ணு, சனிக்கெழம ஒண்ணு. ரெண்டு தடவையும் உங்க நைனா அங்கியேதான் பேப்பர் பட்ச்சிக்கினு இருந்தாரு. "இப்ப கேட்டுதா"ன்னேன், "இன்னாது"ன்றாரு. யார் சொல்றது சரின்னு நீயே சொல்லு. எலியா இருக்குமோ?


ஓசூர்
17-6-2002

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும். சுகம்தானே?

உங்க ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒண்ணு கூட ஒத்துப்போகல. நைனா கேட்டது அம்மாவுக்குக் கேக்கல, அம்மா கேட்டது நைனாவுக்குக் கேக்கல. ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா?

யோசிச்சுப் பாத்தேன். நம்ம வீடு கடல் மண்ணு மேல நிக்குது. ஹார்பருக்குப் போற கண்டெய்னர் லாரியெல்லாம் நம்ம தெரு முனையில திரும்புது. கூட்ஸ் வண்டி வேற. அந்த அதிர்வுல சுவரு முனகலாம். அந்தக் காலத்து ஆணியெல்லாம் உப்புக்காத்துல துரு ஏறி உப்பி மரத்தை நெருக்கும், அதுலயும் சத்தம் வரும். அம்மா சொல்ற மாதிரி எலியாவும் இருக்கலாம்.

சத்தத்தை வச்சு மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. முன்ரூம்ல உத்தரம் சுவருக்குள்ள போற இடத்துக்குக் கீழ ஒரு விரிசல் இருக்குமே, அதுக்குக் குறுக்கா மெல்லிசா ஒரு கண்ணாடித் துண்டை வச்சு ரெண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டு ஒட்டிடு. சுவரு நகர்ந்தா கண்ணாடி ஒடையும். ஒடையலன்னா வீடு சும்மா பேசிட்டிருக்குன்னு விட்டுடு. எங்க சைட்லயும் சத்தம் வந்தா புதுசா வந்த பசங்க பயப்படுவாங்க. எல்லா சத்தத்துக்கும் பயந்தா கட்டடமே கட்ட முடியாதுன்னு நான் சொல்லுவேன்.

ஜூலை முதல் வாரம் ரெண்டாவது மாடி தளம் போடறோம். அது முடிஞ்சதும் லீவு போட்டு வந்து நானே பாக்குறேன்.

செங்கொடி


ராயபுரம்
30-6-2002

மகள் செங்கொடிக்கு நைனா. சொகம், உன் சொகத்துக்கு எழுது.

கண்ணாடி ஒட்டிட்டேன். படம் மாட்ற கடைல கேட்டு ரெண்டு துண்டு வாங்கியாந்தேன். ஒண்ணு நீ சொன்ன விரிசல்ல, இன்னொண்ணு எதிர் சுவத்துல. தாஹிரா எறங்கி வந்து ஏணிய புடிச்சிக்கினுது. "அண்ணே, நான் குடியிருக்கலாமா கூடாதா, அத்த மட்டும் கேட்டு சொல்லுங்க, துணிங்க நெறைய ஒத்துக்கினு கீறேன்"னுது. பாவம், ஒண்டியா கீது, மெஷின வுட்டா அதுக்கு வேற வழி இல்ல. எம் பொண்ணு வந்து பாத்து சொல்லும்னு சொல்லிக்கீறேன்.

வர்ற தேதிய எழுது. உங்கம்மா நெத்திலி வாங்கி காய வச்சிக்கீறா.

நைனா


ஓசூர்
11-8-2002

நைனாவுக்கு.

நடுவுல நீ போட்ட ரெண்டு கார்டும் வந்துச்சு. பதில் போட முடியல. வேலை அதிகம். லீவு கிடைக்கல, இப்போதைக்கு வர முடியாது.

தாஹிரா அக்காவை மாடில இருக்க வேணாம்னு சொல்லு. நீங்களும் முன்ரூம்ல உக்காராதீங்க, பின்கட்டுலயே இருங்க. ஏன்னு கேக்காத. கண்ணாடி ஒடஞ்சாலும் ஒடையாட்டாலும் இருக்க வேணாம். கார்ப்பரேஷன்ல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வந்து காட்டு. என்னைக் கேக்காதீங்க.

உடம்பைப் பாத்துக்க.

செங்கொடி


ராயபுரம்
1-9-2002

கண்ணு செங்கொடிக்கு அம்மா தாயம்மா எழுதுறேன். ஒடம்பு எப்டி கீது கண்ணு? உன் லெட்டர பாத்ததுலருந்து மனசு சரியில்ல. எப்பவும் ரெண்டு பக்கம் எழுதுவ. இப்ப தந்தி மாதிரி எழுதிக்கீற. முன்னாடி மரம் மூச்சு வுடுது, லாரி ஓடுதுன்னு சொன்ன. இப்ப வூட்ட வுட்டு ஓடுன்ற. உங்க நைனா அத்த பட்ச்சிட்டு தாஹிராகிட்ட இன்னா சொல்றதுன்னு தெரியாம சொல்லவே இல்ல.

இத்த அவருக்குத் தெரியாம எழுதுறேன். சத்தம் வூட்ல இல்ல கண்ணு. அவருக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சு. போன வாரம் மாத்தூர்ல உங்க கிருஷ்ணப்பன் மாமா வூட்டுக்குப் போனோம். புதுசா கட்ன வூடு, காங்கிரீட்டு. அங்க சோபால குந்திக்கினு, "இன்னா மச்சான், உன் வூடும் முனகுது"ன்றாரு. எங்கண்ணன் பேந்த பேந்த முழிக்குது. பீச்சாண்ட போனாலும் கேக்குதாம். பின்னாடி நின்னு கூப்ட்டா திரும்ப மாட்டேன்றாரு. குக்கர் அஞ்சு விசில் வுட்டாலும் நகர மாட்டேன்றாரு. போன்ல லைன் சரியில்லன்னு சொல்றாரே, பூத்துக்காரப் பொண்ணு லைனெல்லாம் நல்லாதான் கீதுன்னுது.

உத்தரத்துகிட்ட ஒட்டுன கண்ணாடி ரெண்டா ஒடஞ்சு கீய கெடந்துது. அன்னிக்கு ஒட்டட அட்ச்சேன், நான்தான் கொம்பால தட்டிட்டனோ இன்னாவோ. பெருக்கி போட்டுட்டேன். அவர்கிட்ட சொல்லல.

உன்ன நெனச்சாதான் எனக்கு கவலையா கீது. இன்னா ஆச்சுன்னு எழுது.

அம்மா


ஓசூர்
10-9-2002

அம்மாவுக்கு.

உன் லெட்டர் வந்ததும் ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு மாசத்துல இப்பதாம்மா நிம்மதியா மூச்சு விட்டேன். அது நைனாவோட காதுதான். முப்பது வருசம் அந்தச் சுத்தியல் சத்தத்துல நின்னா காது நரம்பு போயிடும். வெளிச் சத்தம் கேக்காது, காதே ஒரு சத்தத்தைப் போட்டுக்கிட்டிருக்கும். நிறைய ஃபேக்டரி ஆளுங்களுக்கு இது வருது. மாத்தூர்ல கேக்குது, பீச்சுல கேக்குதுன்னா வேற என்ன?

நான் முன்னாடி எழுதினதை மறந்துடு. வேலை டென்ஷன்ல எழுதிட்டேன். வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. தாஹிரா அக்கா மாடிலயே இருக்கட்டும். நைனாவை ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மெதுவா சொல்லு, கோபப்படுவாரு.

எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்.

செங்கொடி


ராயபுரம்
6-10-2002

மகளுக்கு நைனா.

டாக்டர்கிட்ட போனேன். கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு ரூமு. காதுல மாட்டி வுட்டு, சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்கன்னாங்க. நான் பாட்டுக்கு அமுக்கிக்கினே இருந்தேன். அந்தப் பொண்ணு கதவத் தொறந்து வந்து, "ஐயா, நான் இன்னும் சத்தமே வுடலீங்க"ன்னு எழுதிக் காட்டுது. உங்கம்மா வெளில பெஞ்சுல குந்திக்கினு தலைய குனிஞ்சிக்கினா.

ரெண்டு காதும் போச்சாம். முனகலு என்னுதுதானாம். கடைசி வரைக்கும் இருக்குமாம். காதுல மெஷின் ஒண்ணு வச்சுக்கலாமாம், அத்த அப்பறம் பாக்கலாம்.

உங்கம்மாவும் நீயும் எனக்குத் தெரியாம பேசிக்கினீங்க. அது எனக்கு கஷ்டமா இருந்துது, இப்ப இல்ல. ஒண்ணுதான் பேஜாரா கீது. எத்த நம்புறதுன்னே தெரில. யாராவது கூப்ட்டாப்ல இருந்து திரும்புனா யாரும் இல்ல. நெஜமா கூப்ட்டா திரும்பல. உத்தரம் பாவம், சும்மா இருந்தத்த அஞ்சு மாசம் சந்தேகப்பட்டேன். இப்ப எவ்ளோ முனகுனாலும் "போடா, நீ என் காது"ன்னுட்டு குந்திக்கினு கீறேன். தாஹிராகிட்டயும் பயப்படாதம்மான்னு சொல்லிட்டேன்.

ஜூலைல வரேன்ன. ஆகஸ்ட்ல வரலன்ன. தீவாளிக்காவது லீவு வுடுவாங்களா?

நைனா


மாத்தூர்
24-11-2002

மகள் செங்கொடிக்கு நைனா.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், நாங்க மூணு பேரும் உசுரோட கீறோம். யாருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. அப்பறமா மிச்சத்த படி.

போன புதங்கெழம. மூணு நாளா விடாத மழை. தெருவுல முட்டி அளவு தண்ணி, ஒரு லாரி கூட வரல. உங்கம்மா பின்கட்டுல சமைச்சிக்கினு இருந்தா. எனக்கு காலைலருந்து ஒரே முனகலு. என் காதுதானேன்னு வுட்டுட்டேன். மத்தியானம் முன்ரூம்ல செருப்ப மாட்ட ஒரு கைய சுவத்துல ஊணுனேன். கைக்குள்ள சுவரு நடுங்குது செங்கொடி. எங்க ஷாப்புல மெஷின் தாங்கு கட்ட லூசானா கால் வழியா தெரியும், அது மாதிரி. லாரி இல்லியே, இது இன்னாடான்னு இன்னொரு கையும் வச்சேன். மேல உத்தரம் சுவருக்குள்ள போற எடத்துல மண்ணு கொட்டுது. கண்ணாடியக் காணோம்.

மாடிக்கு ஓடுனேன். தாஹிரா மெஷின்ல கீது. "எறங்கும்மா"ன்னேன். அது காயிதத்துல எழுதி காட்டுது, இப்பல்லாம் எனக்கு எல்லாரும் எழுதித்தான் காட்டுறாங்க: "அண்ணே, டாக்டர் காதுன்னாருல்ல?" "காது இல்லம்மா, கை"ன்னு கத்துனேன். அதுக்கு புரில. "துணிய மடிச்சிட்டு வரேன்"ன்னு வாயசைக்குது. மணிக்கட்ட புடிச்சு இழுத்துக்கினு வந்துட்டேன். திட்டிக்கினே வந்துது. படி எறங்கி பின்கட்டுக்கு வந்து, உங்கம்மாவுக்கு விஷயத்த சொல்றதுக்குள்ள முன்னாடி புகையா வந்துது. எனக்கு சத்தம் கேக்கல. அவங்க ரெண்டு பேரும் காதப் பொத்திக்கினு கீய குந்துனத்த பாத்துதான் விழுந்துடுச்சுன்னு புரிஞ்சுது.

உத்தரத்து முனை சுவருக்குள்ளயே மக்கி பூட்டுதாம். மழத்தண்ணி எத்தினி வருசமா எறங்குச்சோ. கார்ப்பரேஷன் ஆளு வந்து பாத்துட்டு நோட்டீஸ் ஒட்டிட்டாரு. தையல் மெஷின் செங்கல்லுக்கு அடில கெடக்குது. தாஹிரா வண்ணாரப்பேட்டைல அது அக்கா வூட்டுக்குப் பூடுச்சு. நாங்க கிருஷ்ணப்பன் வூட்ல கீறோம்.

உங்கம்மா அப்பறமா என்கிட்ட கண்ணாடி கதைய சொன்னா. உனக்கும் எழுதுனேன்றா. நான் ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் புரில. என் காதும் முனகுச்சு, வூடும் முனகுச்சா? இல்ல நான் கேட்டது பூரா காதுதானா, உங்கம்மா கேட்ட டக்குதான் வூடா? தெரிஞ்சா எழுது.

நைனா


ஓசூர்
2-12-2002

நைனாவுக்கு.

நீங்க நல்லா இருக்கீங்கன்னு முதல் வரியிலயே எழுதினதுக்கு நன்றி. இல்லன்னா மேல படிச்சிருக்க மாட்டேன்.

அம்மா கேட்ட டக்குதான் வீடு. மக்குன மரம் ஒவ்வொரு நாரா விடும்போது வர்ற சத்தம். நீ கேட்டது காது. உன் ரெண்டாவது லெட்டர்லயே அம்மா சொல்லிட்டா. நான்தான் எலின்னேன்.

கண்ணாடி ஒடஞ்சதை அம்மா எழுதினா. அந்த வரியைப் படிச்சேன் நைனா. படிக்கலன்னு சொல்ல மாட்டேன். படிச்சிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன். அது காதா இருக்கணும்னு எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. வீடுன்னா நான் வந்து உத்தரத்துக்குக் கீழ நின்னு நிமிந்து பாக்கணும். என்னால முடியாது.

ஜூலை நாலாம் தேதி தளம் போட்டோம். காங்கிரீட் கொட்டிட்டிருக்காங்க. நான் கீழ நிக்கிறேன். தளத்தைத் தாங்குற முட்டுக் கம்புங்க பக்கத்துலருந்து ஒரு சத்தம், முனகிட்டு டக்குனு நின்னுச்சு. மேஸ்திரியைக் கேட்டேன். "லோடு விழுந்தா முட்டு உக்காரும் மேடம், சத்தம் வரத்தான் செய்யும்"னாரு. நானும் அதையேதான் உனக்கு எழுதியிருந்தேன், மூணு வாரம்கூட ஆகல. இருந்தாலும் மனசு கேக்கல. ராசையான்னு ஒரு சென்ட்ரிங் ஆளு, முட்டுக் கொடுக்குற வேலை. "அண்ணே, உள்ள போய் ஆப்பு எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு வாங்க"ன்னேன். வேலையை நிறுத்துங்கன்னு சொல்லல. அவரை உள்ள போகச் சொன்னேன். "சரி பாப்பா"ன்னு போனாரு. நான் பாத்துட்டிருக்கும்போதே தளம் அவர் மேல விழுந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ஆபீஸ்ல ஒரு பேப்பர் நீட்டினாங்க. விழறதுக்கு முன்னாடி எந்தச் சத்தமும் அறிகுறியும் இல்ல, ராசையா யாரும் சொல்லாம தானா உள்ள போனாருன்னு டைப் பண்ணியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அப்பறம்தான் உனக்கு அந்தச் சின்ன லெட்டரை எழுதினேன். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் எல்லாரும் ஓடணும்னு அப்ப தோணுச்சு. அம்மா காதுன்னு சொன்னதும், ஒரு சத்தமாவது சும்மா சத்தமா இருக்கேன்னு தோணுச்சு. நான் எழுதின எதுவும் கட்டடத்தைப் பாத்து எழுதினது இல்ல நைனா.

ராசையா சம்சாரம் பேரு அம்மு. அவரு செத்தப்பறம் நாலு தடவை சைட்டுக்கு வந்துச்சு. "எம்புருசன் யாரும் சொல்லாம உள்ள போற ஆளு இல்ல"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லுது. நான் ஸ்டோர் ரூம்ல போய் நின்னுக்குவேன்.

டிசம்பர் பதினெட்டு, புதன்கிழமை லேபர் ஆபீசர் விசாரணை வைக்கிறாரு. என்னைக் கேப்பாங்க. பேப்பர்ல இருக்கிறதைச் சொன்னா போதும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. இப்ப மாத்திச் சொன்னா பொய்க் கையெழுத்துப் போட்டதுக்கு நானே மாட்டுவேன். என்ன செய்யறதுன்னு தெரியல. தாஹிரா அக்கா மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னும் தெரியல.

செங்கொடி


மாத்தூர்
9-12-2002

என் மகள் செங்கொடிக்கு நைனா.

உன் லெட்டர கிருஷ்ணப்பன் வூட்டு மொட்ட மாடில குந்திக்கினு மூணு தடவ பட்ச்சேன். அப்பறம் உங்கம்மாவுக்கு பட்ச்சி காட்டுனேன். நாமளே ஆகஸ்ட்லயே அங்க கெளம்பி வந்திருக்கணும்னு அழுறா.

உன் மேல குத்தம் இல்லன்னு நான் எழுத மாட்டேன். எனக்கு தெரியாது. நீ சொல்லாம இருந்தா அந்த ஆளு உள்ள பூட்டிருப்பானா மாட்டானா, அதுவும் தெரியாது. தாஹிராவ நான்தான் பயப்படாதன்னு குந்த வச்சேன். கை ஊணாம செருப்ப மாட்டியிருந்தா இன்னிக்கு நானும் உன்ன மாதிரிதான் இருந்திருப்பேன். மூணு நாளா இதே யோசனை, ஒரு முடிவுக்கும் வர முடில.

ஆனா அந்தப் பேப்பர் எனக்கு நல்லா புரியுது. நீ சத்தத்த கேட்ட. நீதான் உள்ள அனுப்ச்ச. ரெண்டு விஷயம். அந்த அம்முவுக்கு இந்த ரெண்டும் வேணும். வேற யாராலயும் குடுக்க முடியாது. மாட்டுனா மாட்டு, நாங்க கீறோம். வேல போனா போவுது, கிருஷ்ணப்பன் மாடில ஒரு ரூமு போடச் சொல்லி அவனே சொல்றான்.

தாஹிராகிட்ட வண்ணாரப்பேட்டைக்கு போய் எல்லாத்தையும் சொன்னேன். அப்பறம் எழுதிக் காட்டுச்சு: "கோவம் கீது அண்ணே. வந்ததும் திட்டுவேன். வரச் சொல்லுங்க." பழைய மெஷின் ஒண்ணு ரெடி பண்ணி மறுபடி தைக்க ஆரம்பிச்சிடுச்சு.

இங்க புது வூட்லயும் முனகிக்கினுதான் கீது. நம்புறதா வேணாமான்னு இன்னும் பிடிபடல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ சுவத்துல கைய வச்சு பாத்துக்கினு கீறேன். கிருஷ்ணப்பன் பொண்டாட்டி சிரிக்குது.

பதினேழாம் தேதி, செவ்வாய்க்கெழம காலைல கோயம்பேட்ல புதுசா தொறந்த பஸ் ஸ்டாண்டுலருந்து கெளம்புறோம், நானும் அம்மாவும். மறுநாள் விசாரணைக்கு உன்கூடவே வரோம். அந்த ஆபீசர் பேசுறது எனக்கு ஒண்ணும் கேக்காது. நீ பேசுறதும் கேக்காது. பரவால்ல. நீ வாயத் தொறந்து சொல்றத்த பாத்துக்கினு குந்தியிருப்பேன்.

பஸ்ஸாண்ட வந்து நில்லு. கூட்டத்துல தூரத்துலருந்து நைனான்னு கூப்டாத, நான் திரும்ப மாட்டேன். பக்கத்துல வந்து கையப் புடி.

நைனா